கால் எங்கள் வீடு, கன்னம் உங்கள் வீடு

என் தங்கையைக் கட்டியவருக்குத் தூண் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அதை இப்போது வங்கிக்காரர்கள் மட்டும்தான் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். தூண் என்பது அவருடைய ஜிம்முக்கு வருகிறவர்கள் வைத்தது. காரணம் அவருடைய கால்கள். முழங்காலுக்குக் கீழே கல் மாதிரி இரண்டு கெண்டைச் சதைகள், அவற்றின் மேல் கயிறு கயிறாக நரம்பு. மழையோ குளிரோ, கல்யாண வீடோ சாவு வீடோ, மனிதர் அரைக்கால் சட்டையில்தான் வருவார். இறந்தவரைப் பார்க்க வந்தவர்கள் இவர் காலைப் பார்த்துவிட்டுப் போனதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஜிம் ஒரு டயர் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருக்கிறது. கீழேயிருந்து ரப்பர் வாசனை, மேலே வேர்வை வாசனை, இரண்டும் படிக்கட்டில் சந்தித்துக்கொள்ளும். உள்ளே நுழைந்ததும் கண்ணாடிக்கு எதிர்ச்சுவரில் வரிசையாகப் படங்கள். முதலில் அவருடைய அப்பா, அடுத்தது சித்தப்பா, அதற்கடுத்தது இவர். மூவரும் ஒரு காலை முன்னால் வைத்து, பாதத்தைக் கொஞ்சம் திருப்பி, சதை தெரிகிற மாதிரி நிற்பார்கள். முகம் ஏதோ போனால் போகிறதென்று படத்துக்குள் வந்திருக்கும்.

“கட்டுப்பாடு, பயிற்சி, விடாமுயற்சி” என்று அந்தப் படங்களுக்குக் கீழே எழுதி வைத்திருந்தார். இத்தனை வருடத்தில் அவர் காலுக்கென்று ஒரு பயிற்சி செய்து நான் பார்த்ததில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, காலை இன்னொரு நாற்காலியில் நீட்டி, மற்றவர்கள் எடை தூக்குவதைப் பார்த்துக் குறை சொல்லுவார். பாவம், அந்தப் பிள்ளைகள் உயிரைக் கொடுத்து உட்கார்ந்து எழுந்தும் ஒருவனுக்கும் அப்படி ஒரு நரம்பு எழும்பவில்லை. “மனசு வைக்கணும்பா” என்பார்.

நான் அலமாரி செய்கிறவன். என் வயிறு எனக்கு முன்னால் நடக்கும், நான் அதன் பின்னால் போவேன். தூண் என்னைப் பார்த்தால் போதும், நாலு பேர் இருக்கிற இடமாகப் பார்த்து ஆரம்பிப்பார். “மச்சான், உங்க வயித்துக்குள்ள சுகர் வாடகைக்கு வீடு பாத்துக்கிட்டு இருக்கு. எப்ப குடி வருதுன்னு மட்டும்தான் தெரியல!” எல்லோரும் சிரிப்பார்கள். தங்கையின் புருஷன், மாப்பிள்ளை, மரியாதை. நானும் சிரித்து வைப்பேன். வயிற்றெரிச்சல் வீட்டுக்குப் போன பிறகுதான்.

தூணின் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. குழந்தை பிறந்தால் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். துணியை விலக்கிக் கெண்டைக்காலைத் தடவிப் பார்ப்பார்கள். எல்லாக் குழந்தைக்கும் போல அதுவும் கொழுகொழுவென்றுதான் இருக்கும். “பொறுங்க, வயசு வரும்போது வரும்” என்று தங்களுக்குத் தாங்களே ஆறுதல் சொல்லிக்கொள்வார்கள். சிலருக்கு வராது. சிலருக்குப் பதின்மூன்று, பதினாலு வயதில் கையும் காலும் வற்றி, சதை மட்டும் திரண்டு, நரம்பு எழும்பும். அப்போது வீட்டுப் பெரியவர் யாராவது கூடத்துக்கு வந்து, ஏதோ வேலைக்கு ஆர்டர் வந்த மாதிரி அறிவிப்பார்: “கால் வந்துடுச்சு!”

அந்தக் கால் வந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று மட்டும் யாரும் கணக்குப் பார்க்கவில்லை. இவருடைய அப்பா திடகாத்திரமான வயதில் மார்பைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஊர்க் கண் பட்டுவிட்டது என்றார்கள். சித்தப்பாவுக்குப் பாதத்தில் ஒரு புண் வந்து ஆறாமல், கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பார்க்க வந்த உறவு ஜனம் அவரைத் தேற்றவில்லை, காலுக்காக அழுதது. “எப்பேர்ப்பட்ட காலு! போயிடுச்சே!” மனிதர் கட்டிலில் உயிரோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் சர்க்கரை இருந்தது. ஆனால் குடும்பக் கதையில் சர்க்கரைக்கு இடம் கிடையாது, காலுக்குத்தான் இடம்.

தூணின் அக்காவுக்கும் கால் வந்தது. தங்கையின் மகள், அதாவது என் மருமகள், அத்தை என்று கூப்பிடுவதால் நானும் அத்தை என்றே சொல்கிறேன். ஆணுக்கு வந்தால் தூண். பெண்ணுக்கு வந்தால் அசிங்கம். “ஆம்பளக் காலு” என்று சொல்லிக் கணுக்கால்வரை மூடி வைத்தார்கள். சின்ன வயதிலேயே அவருக்குச் சர்க்கரை வந்தது. மாத்திரைக்கு இறங்கவில்லை. ஊசி போட்டார்கள், அதற்கும் இறங்கவில்லை. அளவைக் கூட்டிக் கூட்டி, மற்றவர்களுக்குப் போடுவதைப் போலப் பல மடங்கு போட்டும் அது பாட்டுக்கு ஏறியது. அப்போதைய டாக்டர், “அப்படி என்னதான் சாப்பிடறாங்க?” என்று கேட்டிருக்கிறார். பெற்ற தாயே பதில் சொன்னாராம்: “யாருக்கும் தெரியாம திருடித் திங்கறா டாக்டர்.”

அவ்வளவுதான். அடுப்படி அலமாரிக்கு ஒரு பித்தளைப் பூட்டு வந்தது. அந்தப் பெண்ணுக்குப் பூனை என்று பெயர் வந்தது. அவர் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தார், கண் மங்கி வேலையை விட்டார், தனியாக ஒரு சின்ன வீட்டில் இருக்கிறார். பூனை என்ற பெயர் மட்டும் அவரை விடவில்லை. ஏனென்று தெரியாமலே என் மருமகளும் “பூனை அத்தை” என்றுதான் சொல்லி வளர்ந்தாள். அத்தை வருகிற நாளில் தூண் சர்க்கரை டப்பாவை எடுத்து மேல் தட்டில் ஒளித்து வைப்பார், அத்தை பார்க்கும்படியாகவே.

மருமகள் பிறந்த நாளிலேயே பாகப்பிரிவினை தொடங்கிவிட்டது. மூக்கு எங்கள் வீடு, காது உங்கள் வீடு என்று எல்லோரும் விளையாட்டுக்குச் சொல்லுவது உண்டு. தூண் அதை வழக்கு மாதிரி நடத்தினார். நல்லதெல்லாம் அவர்கள் பக்கம், சரியில்லாததெல்லாம் எங்கள் பக்கம். பதினாலு வயதில் அவளுக்குக் கால் வந்தது. தூணுக்குத் தலைகால் புரியவில்லை. மறு வாரமே சுவரில் நாலாவதாக ஒரு படம்: அரைக்கால் சட்டையில் மகள், ஒரு காலை முன்னால் வைத்து, முகத்தில் ஈயாடாமல். கீழே “பயிற்சியின் பலன்” என்று எழுத்து. அந்தப் பிள்ளை அதுவரை ஒரு டம்ளருக்கு மேல் எடை தூக்கியதில்லை. அந்தப் படத்தைக் காட்டித்தான் பெண்களுக்கென்று தனி வகுப்பு ஆரம்பித்தார். பிள்ளைகள் அவளைக் குட்டித்தூண் என்றார்கள். அவள் ஜிம் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டாள்.

காலோடு கூடவே வேறு சில சாமான்களும் வந்தன. கன்னம் உப்பியது, தாடைக்குக் கீழே இன்னொரு தாடை விழுந்தது, கழுத்தைச் சுற்றி வெல்வெட் துணி மாதிரி கறுப்பாகத் தடித்தது. அவள் குளிக்கும்போது நாரை வைத்துத் தேய்த்துத் தேய்த்துக் கழுத்தைப் புண்ணாக்கிக்கொண்டாள். தூண் எங்களைப் பார்த்துச் சொன்னார்: “கால் எங்க வீடு. கன்னம் உங்க வீடு. கழுத்து அழுக்கு யாரு வீடுன்னு நான் சொல்லணுமா?” என் தங்கை என்னைப் பார்த்தாள். எங்கள் இருவருக்கும் கன்னம் இருப்பது உண்மைதானே, அதை எப்படி மறுப்பது? குற்றத்தை ஒப்புக்கொண்டோம்.

பதினாறு வயதில் ஒரு மதியம் அவளுக்கு வயிற்றுவலி வந்தது. சாதாரண வலி இல்லை. முதுகுவரை குத்தி, சுருண்டு, வாந்தி எடுத்து, பிள்ளை பேச்சு மூச்சில்லாமல் போனாள். தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஊசியில் இழுத்த ரத்தத்தைக் குழாயில் வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் மேலே பாலாடை மாதிரி வெள்ளையாக மிதந்தது. கொழுப்பு. கணையம் வெந்துபோயிருக்கிறது என்றார் அங்கிருந்த டாக்டர். சர்க்கரையும் இருக்கிறது, இன்னொரு முறை இப்படி வந்தால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்றார். பிறகு அந்தக் கேள்வியையும் கேட்டார்: “என்ன சாப்பிடறா?”

தூண் வராந்தாவில் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டார். என் தங்கையின் எண்ணெய்ச் சட்டி முதல் குற்றவாளி. என் சட்டைப் பையில் இருக்கும் பிஸ்கட் பாக்கெட் இரண்டாம் குற்றவாளி.

வீட்டுக்கு வந்த மறுநாள் என்னைக் கூப்பிட்டனுப்பினார். சமையலறை அலமாரி நான் செய்தது, தங்கை கல்யாணத்துக்குக் கொடுத்தது. அதன் முன்னால் நின்று, ஒரு பழைய பித்தளைப் பூட்டை என் கையில் வைத்தார்.

“இதைப் போட்டு விடுங்க மச்சான். எங்கம்மா வீட்டுது. அக்காவுக்குப் போட்டது. இன்னிக்கு வரைக்கும் கெட்டியா இருக்கு பாருங்க!”

என்னால் அதற்குமேல் மரியாதை காக்க முடியவில்லை. “மாப்ளே, என் கையால செஞ்ச அலமாரியில என் மருமகளுக்கு நானே பூட்டுப் போட மாட்டேன்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவரே போட்டுக்கொண்டார். தப்பான திருகாணி, கோணலாக முடுக்கி, கதவின் மரத்தைப் பிளந்து வைத்திருந்தார். அதைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபத்தை எழுதினால் நன்றாக இருக்காது. சாவி அவருடைய அரைக்கால் சட்டையில் தொங்கியது.

பிள்ளை வேகவைத்ததை அளந்து தின்றாள். காலையும் மாலையும் மாடிப்படி ஏறி இறங்கினாள். கை கால் இன்னும் வற்றியது, கன்னம் அப்படியே இருந்தது, சர்க்கரை ஏறியது. எப்படி ஏறும்? தூணுக்கு விடை தயாராக இருந்தது. பள்ளிக்கூடப் பையைக் கவிழ்த்துப் பார்த்தார். தலையணை உறையைக் கழற்றிப் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததுதான் அவருக்குப் பெரிய சாட்சி. “எவ்வளவு கெட்டிக்காரியா மறைக்கறா பாத்தியா?” என்றார் என் தங்கையிடம். பிறகு ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில், மகள் முகத்தைப் பார்த்து, “அப்படியே பூனைதான்” என்றார்.

தங்கை எனக்கு ஃபோன் பண்ணி அழுதாள். “அண்ணா, அவ தட்டைத் தள்ளி வெச்சிட்டு எழுந்து போயிட்டா. இனிமே தண்ணி குடிக்கறதுக்குக்கூட அவரைப் பாத்துப் பாத்துக் குடிப்பா.” எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. வைத்தியம் பார்க்க வேண்டிய பிள்ளையைக் காவல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தை போன பாதை கண் முன்னால் தெரிந்தது. அடுத்த வலி வந்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது.

ஹார்மோன் வியாதிகள் பார்க்கும் ஒரு பெண் டாக்டரிடம் கூட்டிப் போனோம். தூண் கூடவே வந்தார். மகளுக்கு வாய் இருக்கிறது என்பது அவருக்கு நினைவில்லை. டாக்டர் கேட்ட எல்லாக் கேள்விக்கும் அவரே பதில் சொன்னார். டாக்டர் கேட்டுக்கொண்டே பிள்ளையின் கழுத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், தொடையின் தோலைக் கிள்ளிப் பார்த்தார். பிறகு திரும்பி, தூணின் காலைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார்.

“சார், கொஞ்சம் எழுந்து நிக்கறீங்களா?”

தூணின் முகத்தில் வந்த வெளிச்சத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எழுந்தார். காலை முன்னால் வைத்தார். பாதத்தைக் கொஞ்சம் திருப்பினார். “எத்தனை வருஷப் பயிற்சி தெரியுமா டாக்டர்!” டாக்டர் குனிந்து கெண்டைத் தோலைக் கிள்ளினார். இவர் மூச்சை இழுத்து இன்னும் இறுக்கிக் காட்டினார்.

“பயிற்சி இல்ல சார். தோலுக்கடியில கொழுப்பே இல்ல. அதனாலதான் சதையும் நரம்பும் இப்படித் தெரியுது. இது பிறவியிலேயே வர்ற ஒரு கோளாறு.”

தூண் காலைப் பின்னால் இழுக்கவில்லை. மறந்துவிட்டார்.

டாக்டர் எங்களுக்குப் புரியும்படி சொன்னார். நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டுக்கொண்டு, அதை வைத்தே சொன்னார். எல்லா உடம்பிலும் கொழுப்பைப் பத்திரமாக வைக்கத் தோலுக்கடியில் அலமாரிகள் உண்டு. சில குடும்பங்களில் ஒரு மரபணு கோளாறாக வருகிறது. அது வந்தவர்களுக்கு வயது வரும்போது கையிலும் காலிலும் உள்ள அலமாரிகள் போய்விடுகின்றன. சாமான் மட்டும் வந்துகொண்டே இருக்கும். வைக்க இடமில்லாமல் முகத்திலும் கழுத்திலும் குவியும், ஈரலில் குவியும், ரத்தத்தில் மிதக்கும். அப்படி அடைந்து கிடக்கும் உடம்பில் இன்சுலின் போய்க் கதவைத் தட்டினால் திறப்பதில்லை. உடம்பு இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கும், அப்போதும் திறக்காது. அந்த இன்சுலின் பெருக்கத்தால் வருவதுதான் கழுத்துக் கறுப்பு, அழுக்கு அல்ல. கடைசியில் சர்க்கரை.

“அப்போ கன்னம்?” என்று என் தங்கை கேட்டாள். கேள்வி அவள் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

“காலும் கன்னமும் ஒரே கோளாறுதாம்மா. ரெண்டும் ஒரே பக்கத்துலேருந்து வருது.” டாக்டர் தூணைக் காட்டினார். “கால் எந்த வீடோ, கன்னமும் அந்த வீடுதான்.”

எத்தனை வருடமாகச் சுமந்த கன்னம்! நானும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சிரிக்கக்கூடாத இடம். ரொம்பக் கஷ்டப்பட்டோம்.

அங்கேயே எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். தூணுக்குச் சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது. என் வயிற்றில் வாடகைக்கு யாரும் வரவில்லை, காலியாகத்தான் கிடந்தது. டாக்டர் இதைச் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். அவர், “மிஷின் கோளாறு” என்றார். மாத்திரைச் சீட்டை மகள் கையிலிருந்து வாங்கிக் கசக்கிச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டார். “என் பொண்ணு சீக்காளி இல்ல. எங்க வம்சத்துக் கால் அது. அதைப் போய் வியாதின்னு சொல்றதா?”

“உங்க வீட்டுல வேற யாருக்காவது சுகர் இருக்கா?” என்று டாக்டர் கேட்டார்.

“யாருக்கும் இல்ல.”

“அத்தைக்கு இருக்கே” என்றாள் மகள். அன்று அவள் பேசிய முதல் வார்த்தை.

“அது வேற” என்றார் தூண். “அவ திருடித் தின்னு வாங்கிக்கிட்டது.”

மரபணுப் பரிசோதனைக்கு அப்பா, மகள் இருவர் ரத்தமும் வெளியூருக்குப் போனது. முடிவு வரும்வரை மாத்திரை கிடையாது என்று தூண் சாதித்தார். தங்கை டாக்டரிடம் இன்னொரு சீட்டு வாங்கி, அவருக்குத் தெரியாமல் மகளுக்குக் கொடுத்தாள். திருட்டு என்று ஒன்று அந்த வீட்டில் நடந்தது என்றால் அது அதுதான். முடிவு வந்த அன்று அவரிடம் கேட்காமலே அத்தையை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

டாக்டர் முடிவைப் படித்தார். இருவருக்கும் அதே மரபணுவில் அதே கோளாறு. பெற்றவரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஒழுக்கம், கட்டுப்பாடு எதையும் அது விசாரிப்பதில்லை. பிறகு அத்தையைக் காலைக் காட்டச் சொன்னார். வாழ்நாளெல்லாம் மூடி வைத்திருந்த காலை அந்த அம்மாள் வெட்கத்தோடு கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் காட்டினார். அதுவே போதுமாயிருந்தது. தூணுடைய கால், மகளுடைய கால், அத்தையுடைய கால். மூன்று ஜோடியும் ஒரே அச்சு.

“உங்களுக்கும் இதேதான் அம்மா. அதனாலதான் எவ்வளவு ஊசி போட்டும் இறங்கல.”

அத்தை கண்ணைச் சுருக்கி மேஜை மேலிருந்த காகிதத்தைப் பார்த்தார். இப்போது அவர் கண்ணுக்கு எழுத்து தெரியாது, வெள்ளைதான் தெரியும்.

“நான் திருடித் திங்கலேன்னு இதுல இருக்கா டாக்டர்?”

டாக்டருக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. பிறகு புரிந்தது. “இருக்கும்மா. சாப்பாட்டுல எண்ணெயும் இனிப்பும் குறைக்கணும், நடக்கணும், அதெல்லாம் உண்மை. ஆனா நீங்க தண்ணி மட்டும் குடிச்சிருந்தாக்கூட இது வந்திருக்கும்.”

“அதை இவன்கிட்ட கொஞ்சம் சத்தமா சொல்லுங்க.”

டாக்டர் சத்தமாகவே சொன்னார். தூண் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். அவர் சட்டைப் பையில் இன்னும் கசங்கிக் கிடந்த மாத்திரைச் சீட்டை மகள் எடுத்தாள். அவர் தடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்தோம். அத்தை நேராக அடுப்படிக்குப் போனார். கண் தெரியாவிட்டாலும் அலமாரியில் கை வைத்தவுடன் பூட்டைக் கண்டுபிடித்துவிட்டார். ஒரு முறை தடவினார், இன்னொரு முறை தடவினார்.

“இது எங்க வீட்டுப் பூட்டுல்ல?”

நான் திருப்புளியை எடுத்துக்கொண்டு போனேன். அத்தை கையை நீட்டி என்னை நிறுத்தினார். “நீங்க இருங்க தம்பி. போட்டவன் கழட்டட்டும்.”

தூண் கழற்றினார். கோணலாக முடுக்கிய திருகாணி லேசில் வருமா? முழங்காலிட்டு, மூச்சு வாங்க, வேர்த்து ஒழுக, ஒவ்வொன்றாகத் திருகினார். ஊரே பார்த்த கால்கள் தரையில் மடங்கிக் கிடந்தன. அத்தை நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். தம்பி மகளைப் பார்த்து, “எனக்கு ஒரு டீ குடும்மா, சக்கரை இல்லாம. எப்பவும் அப்படித்தான் குடிக்கறேன். இந்த வீட்டுல யாரும் கேட்டதில்ல” என்றார்.

அவள் டீயைக் கொடுத்துவிட்டு, “இந்தாங்க அத்தை” என்றாள். வெறும் அத்தை. அத்தை டம்ளரை வாங்காமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார். நான் பிளந்த கதவைச் சோதிப்பது போல் திரும்பி நின்றேன்.

பூட்டு கையோடு வந்தது. தூணுக்கு அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அக்காவிடமே நீட்டினார். “அக்கா” என்றார்.

“எனக்கெதுக்கு அது?” என்றார் அத்தை. “கொண்டு போய் ஜிம்முல மாட்டு. அப்பா படத்துக்குப் பக்கத்துல. அதுவும் நம்ம குடும்பச் சொத்துதானே?”

போன வாரம் ஜிம்முக்குப் போயிருந்தேன். மகளின் படம் இல்லை. அந்த ஆணியில் பித்தளைப் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. புதிதாகச் சேர்ந்த ஒருவன், “அண்ணே, இது என்ன?” என்று கேட்டான். தூண் நாற்காலியில் நீட்டியிருந்த காலைக் கீழே இறக்கினார்.

“எங்கக்காவோடது” என்றார். பிறகு மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு தண்ணீர் தேடிப் போனார்.